வள்ளம் போலக் கட்டி வைத்த மெசின்

என்னோடு ஒன்றாகக் குர்ஆன் ஓதப் போனவர்கள், களப்பில் முழங்கால் தண்ணீரில் நின்று றால் பிடித்தவர்கள், இன்னும் சிலபேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பிள்ளைகளிடம் சொல்லத் தொடங்கினால், "பொறகு சொல்லுங்க உம்மும்மா" என்று போனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தப் போனிலிருந்துதான் இந்தக் கதையும் கிளம்பியது. போன கிழமை பேரன் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளைக்காரன் சுற்றுகிற இரும்பில் உளியை வைக்கிறான், இரும்பு பூப்போலச் சுருள் சுருளாக உரிந்து விழுகிறது. எனக்குப் படம் கண்ணில் பிடிபடவில்லை. சத்தம் பிடிபட்டது. கேட்டவுடனே வாயில் சுறா எண்ணெய் மணந்தது. அறுபது வருஷத்துக்கு மேலாக வாயில் இல்லாத ஒரு மணம் போனுக்குள்ளிருந்து எப்படி வரும் என்று இன்னும் எனக்குக் குழப்பம்தான்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். நான் சொல்ல வந்ததை விட்டு வேறெங்காவது போனால் அவள் செருமுவாள். அதுதான் எங்கள் ஏற்பாடு.

குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் எங்கள் வளவு உங்களுக்குத் தெரியும். முன்னால் மணல், பின்னால் வெங்காயப் பாத்தி, அதற்கும் பின்னால் களப்பு, கடல் உள்ளே புகுந்து தேங்கி நிற்கிற தண்ணீர். அப்போது எனக்கு முன்பல் விழுந்து முளைக்காத வயசு. வருஷத்தைக் கேட்காதீர்கள். கச்சான் காற்று வீசின காலம், அவ்வளவுதான் தெரியும். கச்சான் வீசினால் பெரிய கடலுக்கு வள்ளம் இறங்காது. ஆம்பிளைகள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். பெண்களுக்கு அதுதான் கரைச்சலான மாதங்கள். தேத்தண்ணி ஊற்றிக் கை ஓயாது.

எங்கள் வாப்பா அதற்கு முந்தின பருவத்தில் சம்மாட்டியின் எஞ்சின் வள்ளத்துக்குத் தண்டையல். சுக்கான் அவர் கையில். சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருந்தவர், அவருடைய வள்ளங்கள் வரிசையாகக் கரையில் ஏற்றிக் கிடக்கும். அந்தப் பருவத்தின் கடைசியில் வாப்பாவின் வள்ளம் கவிழ்ந்தது. உம்மாவின் கூடப்பிறந்த தம்பி, எங்கள் மாமா, அந்த வள்ளத்தில்தான் போயிருந்தார். வாப்பா ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு உச்சமுனைப் பக்கம் கரை சேர்ந்தார். மாமா சேரவில்லை. மாமா எனக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன கண்ணாடி வளையலை நான் எத்தனையோ மாதம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எனக்கு ஒன்றையும் முழுசாகச் சொல்லவில்லை. மாமா கடலில் இருக்கிறார் என்றார்கள். கடலில் இருக்கிறவர்தானே, வருவார் என்று நானும் இருந்தேன்.

மாமாவுக்காக ஓதிச் சோறு கொடுத்த கத்தம் முடிந்த அன்று, சோறு சாப்பிட்டுக் கை கழுவாமல் ஆட்கள் இருக்கும்போதே, உம்மா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இனி இவர் கடலுக்குப் போறல்ல. நான் சத்தியம் வாங்கிட்டேன். ஆரும் வந்து கூப்பிட வேணாம்."

வாப்பா தலையைக் குனிந்து கையிலிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்மாட்டிக்கு முகம் கறுத்தது. கரையெல்லாம் அன்றிலிருந்து ஒரே கதை. நல்ல தண்டையலை மனிசி சேலைத் தலைப்பில் முடிந்துவிட்டாள் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். வாப்பா மாதிரி ஒரு ஆளை வீட்டுக்குள் அடைத்து வைக்கிறாளே என்று உம்மா மேல் எனக்குக் கோபம்.

கடலுக்குப் போகாதவன் என்ன செய்வான்? வெங்காயப் பாத்தி எங்கள் வயிற்றுக்குக் காணாது. அப்போதுதான் சிலாபத்தில் தேங்காய்த் தும்பு மில் ஒன்றை மூடி, உள்ளே இருந்த சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வாப்பா பஸ் ஏறினார். போனவர் ஒரு லொறியோடு வந்தார். லொறிக்குள் சாக்குப் போர்த்திப் படுத்திருந்தது அந்த மெசின். ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கிற நீளம். தலைப் பக்கம் பெரிய சில்லுகள், கால் பக்கம் ஒரு கூர் மூக்கு, நடுவில் நகருகிற ஒரு மேடை. இரும்பைச் சுற்ற விட்டு உளியால் சீவுகிற மெசின், கடைசல் மெசின் என்றார்கள்.

உம்மா சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு, "இது ஆட மாட்டாத கிழவன் மாதிரி இரிக்கி. எத்தின வயசாம்?" என்று கேட்டாள்.

"வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் புள்ள. இப்ப இப்பிடி வராது."

"இப்ப வராததை என்னத்துக்கு வாங்கினீங்க? உடைஞ்சா எங்க போய்த் தேடுறது?"

வாப்பா சாக்கை இழுத்து மூடினார். இன்று யோசித்தால் உம்மா கேட்டது சரியான கேள்வி.

லொறி மணலில் இறங்காது. றோட்டிலிருந்து வீட்டுக்கு அதைக் கொண்டுவந்த விதம் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்க வேண்டும், நீங்களும் பின்னால் ஓடி வந்தீர்கள். வள்ளத்தைக் கரையேற்றுகிற மாதிரித் தென்னங்குற்றிகளைக் கீழே போட்டு, வடத்தைக் கட்டி, அம்பாப் பாட்டுப் பாடி இழுத்தார்கள். கடல் சும்மா கிடந்த நாளில் ஆம்பிளைகளுக்கு அதுவே பெருநாள் மாதிரி. ஒருத்தர் பாட மற்றவர்கள் ஏலேலோ போட, இரும்பு மெசின் மணலில் வள்ளம் போல ஆடி ஆடி வந்தது. நான் அன்று முழுக்க அதை ஒரு வகை வள்ளம் என்றே நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது நான் மட்டும் இல்லை, அது பிறகுதான் தெரிந்தது.

சம்மாட்டியும் வடத்தில் கை வைத்தார். வீட்டுப் பக்கத்து ஓலைக் கொட்டிலுக்குள் மெசினை இறக்கி வைத்த பிறகு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாப்பாவிடம் சொன்னார்.

"தம்பி, கச்சான் ஓயிற வரைக்கும் நல்லா விளையாடு. ஓய்ஞ்ச உடனே என்ட எஞ்சின் வள்ளத்துக்கு ஒரு சாப்ட் அடிச்சுத் தா. நேரா ஓடிச்செண்டா என்ட அத்தனை வள்ளத்து எஞ்சின் வேலையும் உனக்குத்தான். உதறிச்செண்டா பேசாம வந்து சுக்கானைப் பிடி. சத்தியத்தைப் பத்தி நான் பள்ளி லெப்பைக்கிட்டக் கேட்டுட்டேன், அதுக்குப் பரிகாரம் இரிக்கியாம்."

சாப்ட் என்றால் எஞ்சினுக்கும் தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறிக்கும் நடுவில் ஓடுகிற இரும்புக் கோல். அந்த வள்ளத்தின் பழைய சாப்ட் கோணல். அது களப்புக்குள் வந்தால் கரையிலிருந்தே தெரியும். பலகையெல்லாம் கடகடக்கும், உள்ளே இருக்கிறவர்களுக்குப் பல்லு ஆடும், கோப்பையில் தேத்தண்ணி நிற்காது.

உம்மா கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டாள். வாப்பா, "ஓம் சம்மாட்டி" என்றார். அவர் குரல் கொட்டிலுக்குள்ளேயே நின்றுவிட்டது.

மெசினை விற்ற சிலாபத்து முதலாளி, பாவம், வேலை காட்டித் தருகிறேன் என்று கூடவே வந்திருந்தார். சிங்கள மனிசன். வயதானவர், வெள்ளைச் சாரம், இடுப்பில் அகலமான பெல்ட். வாப்பாவுக்குத் தெரிந்த சிங்களம் மீன் பெயரும் காற்றுப் பெயரும்தான். அவர் சில்லைத் தொட்டு ஒன்று சொல்லுவார், வாப்பா தலையாட்டுவார். அவர் உளியைத் தொட்டு இன்னொன்று சொல்லுவார், வாப்பா அதற்கும் தலையாட்டுவார். பிறகு வாப்பா உளியை வைத்தால் முதலாளி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஹெமின், ஹெமின்" என்பார். மெல்ல, மெல்ல. பகல் சோறு சாப்பிட்டார், உம்மாவின் நண்டு ஆணத்தை இரண்டு தரம் வாங்கினார், கடைசியாக மெசினின் நாலு காலையும் காட்டி, தரையைக் காட்டி, கையைப் பலகை மாதிரி விரித்து நீட்டி நீண்ட நேரம் ஏதோ சொன்னார். வாப்பா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். முதலாளி பஸ் ஏறினார்.

"என்ன சொன்னாரு கடைசியா?" என்று உம்மா கேட்டாள்.

"கெட்டியா வைக்கச் சொன்னாரு."

அந்தப் பருவம் முழுக்க எங்கள் வீட்டில் எதற்கும் ஹெமின்தான். நான் சோற்றை அவசரமாக விழுங்கினால் ஹெமின். ஆடு வேலியைத் தாண்டினால் ஹெமின்.

கொட்டில் தரை மணல். வாப்பா இரண்டு தென்னங்குற்றியைப் பதித்து அதன்மேல் மெசினை ஏற்றினார். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் எஞ்சினைப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் தோல் பட்டி மாட்டி ஓட விட்டார். மெசின் நடக்கத் தொடங்கியது. பொய் இல்லை, கண்ணால் பார்த்தேன். குற்றியோடு சேர்ந்து, வயிற்றுப் பிள்ளைக்காரி மாதிரி அசைந்து அசைந்து கதவுப் பக்கம் வந்தது. நான் கத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

கடல்காரனுக்கு அசைகிற சாமானைக் கண்டால் ஒரு வழிதான் தெரியும். வாப்பா நாலு மூலையிலும் ஆப்பு அறைந்து, வள்ளத்துக் கயிற்றை எடுத்து, காற்று நாளில் வள்ளத்தைக் கட்டுகிற மாதிரியே மெசினின் நாலு காலையும் இழுத்துக் கட்டினார். அந்த முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். மெசின் நின்றது. அடுத்த நாள் கொஞ்சம் அசைந்தால் இன்னும் இறுக்கினார். சம்மாட்டியின் ஆட்கள் வந்து பார்த்து, "இது ஒரு புயலுக்கும் போகாது" என்று மெச்சினார்கள். ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. எல்லாரும் கடல்காரர்.

அடுத்தது துரு. எங்கள் காற்றில் உப்பு இருக்கிறது, இரும்பு ஒரு கிழமையில் சிவக்கும். வள்ளப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெய் வீட்டில் ஒரு பீப்பாய் இருந்தது. வாப்பா அதை மெசினுக்குத் தலை முதல் கால் வரை பூசினார். துரு வரவில்லை, பூனை வந்தது. குறிஞ்சிப்பிட்டியில் அவ்வளவு பூனை இருக்கிறது என்று அன்றுதான் தெரியும். மெசினின் மேல் வரிசையாக இருந்து நக்கிக்கொண்டிருக்கும். வேலை தொடங்க முன்னால் பூனை இறக்குவது என் வேலை. எஞ்சின் ஓடி உளி சூடாகினால் அந்த எண்ணெய் புகைந்து, புகை நேராகப் பள்ளிவாசலுக்குப் போகும். லெப்பை ஒருநாள் துவாலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "அஸர் தொழுகையில எனக்குப் பசி வருது. இது ஆருக்கு நல்லம்?" என்று கேட்டார். அவருக்கு அது பகிடி இல்லை.

இரும்புச் சுருள்களைச் சொல்ல வேண்டும். சில சுருள் நீலம், சில வைக்கோல் நிறம். மாமா வாங்கித் தராத வளையலுக்குப் பதிலாக நான் அவற்றைக் கையில் போட்டுக்கொண்டேன். கையைக் கீறியது. கழற்றி பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடி வைத்தேன். மழைக்குப் பிறகு திறந்தால் சிவப்புத் தூள்தான் இருந்தது. அந்த டின்னில் பிறகு உம்மா கொத்தமல்லி போட்டு வைத்தாள், அந்தக் கொத்தமல்லி...

பேத்தி செருமிவிட்டாள்.

சரி. வாப்பா பழைய இரும்புக் கம்பிகளை மாட்டிக் கடைந்து பழகினார். கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். ஆனால் சிலாபத்து முதலாளி விட்டுப்போன ஒரு அளவு சாமான் இருந்தது, நண்டுக் கால் மாதிரி வளைந்த இரண்டு கால் உள்ளது. நாங்கள் அதை நண்டு என்றே சொல்வோம். நண்டை ஒரு நுனியில் கவ்வ வைத்து, அதே திறப்போடு மற்ற நுனிக்குக் கொண்டுபோனால், அங்கே லொடலொடவென்று ஆடும். ஒரு நுனி தடிப்பு, மறு நுனி மெலிவு. எத்தனை கம்பி கடைந்தாலும் அதே கதை. உளியைத் தீட்டினார். பட்டியை மாற்றினார். கம்பியைத் திருப்பி மாட்டினார், அப்போதும் தலைப் பக்கம் தடித்துத்தான் வந்தது. கொட்டில் மூலையில் அந்தக் கம்பிகள் குவிந்தன.

சம்மாட்டி வந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "என்ன தம்பி, கரட் அறுவடையா? சந்தைக்கு எப்ப கொண்டு போறாய்?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். கச்சான் தளரத் தொடங்கியிருந்தது. காலையில் களப்பு கண்ணாடி மாதிரிக் கிடக்கும். வள்ளங்களுக்குப் பலகை அடிக்கிற சத்தம் கரையெல்லாம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கிற நேரமெல்லாம் வாப்பா எஞ்சினை ஓட விடுவார், கடைய ஒன்றும் இல்லாவிட்டாலும். கடலுக்குப் போகிற ஆசையைப் பொறுக்க முடியாமல்தான் அப்படிச் செய்கிறார் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

உம்மாவுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. "இவ்வளவு பேரும் கண் வச்சுட்டுப் போறாங்க. இது கண்ணூறு" என்று லெப்பையைக் கூப்பிட்டாள்.

நமக்கெல்லாம் சின்ன வயதில் காய்ச்சல் என்றால் பீங்கான் எழுதித் தருவார்கள், ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைப் பீங்கான் தட்டில், பன்னீரில் குங்குமப்பூ கரைத்த மையால் லெப்பை ஓதி எழுதுவார். எழுத்து காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றிக் கரைத்து அந்த மஞ்சள் தண்ணீரைக் குடிப்போம். எங்கள் லெப்பை மெசினைச் சுற்றி வந்தார், ஒரு பூனையைத் தள்ளிவிட்டார், யோசித்தார்.

"மனிசருக்கு எழுதினா குடிக்கலாம். இதுக்கு வாய் எங்க இரிக்கி?"

"இவ்வளவு எண்ணெயைக் குடிக்குதே லெப்பை" என்றாள் உம்மா.

கடைசியில் லெப்பை இரண்டு பீங்கான் எழுதினார். விளிம்பு முட்டத் தண்ணீர் ஊற்றி, ஒன்றைத் தலைமாட்டில் வை, ஒன்றைக் கால்மாட்டில் வை, அஸரிலிருந்து மஃரிப் வரை அசையாமல் இருக்கட்டும், பிறகு எடுத்துத் தெளி என்று சொல்லிவிட்டுப் போனார். நோயாளிக்குச் செய்கிற மாதிரியே.

உம்மா அப்படியே செய்தாள். மெசினின் நீண்ட மேல்பட்டையில் தலைப்பக்கம் ஒரு பீங்கான், கால்பக்கம் ஒரு பீங்கான். பூனை வாய் வைக்காமல் பார்க்க என்னைப் பக்கத்தில் இருத்தினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளைப் பீங்கானில் மஞ்சள் தண்ணீர். வெயில் சாய்ந்து கொட்டிலுக்குள் வந்ததும் உம்மாவும் வந்தாள். குனிந்து ஒரு பீங்கானைப் பார்த்தாள், போய் மற்றதைப் பார்த்தாள், திரும்பி வந்தாள்.

"இஞ்ச வாங்களேன்" என்று வாப்பாவைக் கூப்பிட்டாள். "நான் ரெண்டையும் ஒரே மாதிரித்தானே ஊத்தினேன்?"

தலைமாட்டுப் பீங்கானில் மஞ்சள் தண்ணீர் கதவுப் பக்க விளிம்பில் ஏறி வழிந்திருந்தது, மறுபக்கம் வெள்ளை தெரிந்தது. கால்மாட்டுப் பீங்கானில் கிணற்றுப் பக்கம் ஏறி, கதவுப் பக்கம் வெள்ளை தெரிந்தது.

"தலை ஒரு பக்கம் சாஞ்சு, கால் ஒரு பக்கம் சாஞ்சு. வயித்துக் குத்துக்காரன் படுத்த மாதிரி இரிக்கி" என்றாள் உம்மா.

வாப்பா கிட்ட வந்து பார்த்தார். குந்தியிருந்து, ஒரு கண்ணை மூடி, வள்ளத்தின் அடிமரத்தைப் பார்க்கிற மாதிரி மெசினை நீளத்துக்குப் பார்த்தார். பிறகு கயிறுகளைப் பார்த்தார். ஒரு மூலையில் ஒரு பக்கமாக, மறு மூலையில் மறுபக்கமாக, அவர் கையாலேயே நாளுக்கு நாள் இறுக்கின கயிறுகள்.

"நான் இதை முறுக்கி வச்சிரிக்கேன்" என்றார். "வள்ளம் முறுகினா பலகை வளைஞ்சு குடுக்கும். இது குடுக்காது. கம்பியிலதான் காட்டும்."

"அதைத்தானா அந்த மனிசன் கையை விரிச்சு விரிச்சுக் காட்டினாரு?"

"ஓம் போல."

"நீங்க ஓம் ஓம் எண்டு சொன்னீங்களே."

அவர் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அவ்வளவு இறுகியிருந்தது, வரவில்லை. கத்தியை எடுத்து நாலையும் அறுத்தார். குற்றியை எறிந்துவிட்டு, மணலைத் தோண்டி, களப்பிலிருந்து சுண்ணாம்புக் கல் கொண்டுவந்து இறக்கி, சீமெந்து கரைத்து ஊற்றி, மெசினை அதன்மேல் சும்மா உட்கார வைத்தார். தகரத் துண்டைச் செருகி, பீங்கானைத் தலைமாட்டில் வைத்து, கால்மாட்டில் வைத்து, மஞ்சள் வட்டம் இரண்டிலும் விளிம்பைச் சமமாகத் தொடுகிற வரைக்கும் செருகிச் செருகிப் பார்த்தார். அதன்பிறகு கடைந்த கம்பியில் நண்டு இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை ஒரே இறுக்கமாகப் போனது. உம்மா நண்டைத் தன் கையால் வாங்கி ஒருதரம் ஓட்டிப் பார்த்தாள்.

லெப்பையிடம் சொன்னபோது அவர் தாடியைத் தடவினார். "நான் எழுதினது கண்ணூறுக்கு. அது போன வழியில இந்த வேலையையும் பார்த்துட்டுப் போயிருக்கும்." அது ஓதலா, தண்ணீரா, எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டும் ஒரே பீங்கானில்தானே இருந்தது.

சாப்ட் கடைந்து முடித்து, அதைச் சாக்கில் சுற்றிப் பிள்ளை மாதிரித் தூக்கிக்கொண்டு போய் வள்ளத்தில் பூட்டினார்கள். கச்சான் ஓய்ந்துவிட்டது. சம்மாட்டி கரையில் நின்று சொன்னார்.

"செஞ்சவன் ஏறணும். அடிச்சுத் தந்துட்டுக் கரையில நிண்டு கையாட்டுறதுக்கு நான் விட மாட்டேன். உச்சமுனை வரைக்கும் போய்த் திரும்புவோம். ஏறு தம்பி."

வாப்பா நின்ற இடத்தில் நின்றார். சாரத்தை அவிழ்த்துக் கட்டினார். மறுபடி அவிழ்த்துக் கட்டினார். எல்லாரும் உம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய சத்தியம்தானே அவரை நிறுத்தி வைத்திருக்கிறது.

உம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நானும் வாறேன்" என்றாள். ஒரு கையில் பீங்கான். இன்னொரு கையில் நான்.

"பொம்பிளை ஏறின வள்ளத்துல மீன் ஏறாது" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"மீனுக்கா போறோம்? சாப்டுக்குத்தானே. ஏறட்டும்" என்றார் சம்மாட்டி. அவருக்கு உம்மாவின் முன்னாலேயே வாப்பாவைக் கடலுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை இருந்திருக்கும்.

விடியச் சுபஹு தொழுத கையோடு போன பயணம். களப்பு எண்ணெய் ஊற்றின மாதிரி அசையாமல் கிடந்தது. எஞ்சின் ஓடியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், பலகை கடகடக்கவில்லை. ஆனாலும் சம்மாட்டி விடவில்லை, "இது களப்பு. மெல்லிசா உதறினா இஞ்ச தெரியாது" என்றார்.

"தெரியும்" என்றாள் உம்மா. வீட்டிலிருந்து குடுவையில் கொண்டுவந்த ஓதின தண்ணீரைப் பீங்கானில் விளிம்பு முட்ட ஊற்றினாள். "இதுல பாருங்க" என்று வாப்பாவின் கையில் கொடுத்தாள். எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர்தான்.

வள்ளம், களப்பு கடலோடு சேருகிற வாயைப் பார்க்கத் திரும்பியது. தூரத்தில் உச்சமுனை கறுப்புக் கோடாகத் தெரிந்தது. பீங்கானில் தண்ணீர் நடுங்கியது. சின்னச் சின்ன வளையமாக ஓடி, விளிம்பில் ஏறி, வாப்பாவின் சாரத்தில் வழிந்தது. மஞ்சள் திட்டாகப் படிந்தது.

"உதறுது தம்பி" என்றார் சம்மாட்டி. குரலில் சந்தோசம் மாதிரி ஒன்று. "நான் சொன்னேன்தானே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாப்பா இனிக் கடலுக்குப் போவார். மாமா போன இடத்துக்குப் போவார். போகட்டும் என்று இருந்தவள் நான்தான், அந்த நேரம் எனக்கு அவர் போகக் கூடாது. என்ன நினைக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

உம்மா எழும்பி, ஆடாமல் நடந்து, வாப்பாவின் கையிலிருந்து பீங்கானை வாங்கினாள். எஞ்சின் பெட்டியின் மேலேயே வைத்தாள். கையை எடுத்தாள். எஞ்சின் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் தண்ணீர் பீங்கானில் சும்மா கிடந்தது.

 சம்மாட்டி பீங்கானைப் பார்த்தார். பிறகு வாப்பாவின் கைகளைப் பார்த்தார். வாப்பா இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டார். கண்ணை வள்ளத்துக்குள்ளேயே வைத்திருந்தார், ஏறின நேரத்திலிருந்து ஒருதரமும் தண்ணீர்ப் பக்கம் திரும்பவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவர் இன்னும் தேத்தண்ணி குடிக்கல்ல" என்றாள் உம்மா. "வெறும் வயித்துல இருக்கிறவர் கையில குடுத்தா எதுவும் ஆடும்தான். என்ட பிழை."

சம்மாட்டி களப்பு வாயை ஒருதரம் பார்த்தார். பிறகு சுக்கானில் இருந்தவனிடம், "திருப்பு. காணும்" என்றார். வாப்பாவிடம், "மத்த வள்ளத்துச் சாப்டுகளையும் நாளைக்குக் கொண்டந்து போடுறேன். ஹெமினாச் செய், அவசரமில்லை" என்றார். அதற்குப் பிறகு அவர் வாப்பாவைக் கடலுக்குக் கூப்பிடவே இல்லை. ஆனால் கடைத்தெருவில் யாராவது கேட்டால், "நல்ல தண்டையல், என்ன செய்ய, மனிசி விடுறாளில்லை" என்றுதான் கடைசி வரை சொன்னார். அது குத்தலா, மறைப்பா, எனக்குத் தெரியாது. வாப்பாவும் அதையே சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், கையில் எண்ணெயோடு, சிரித்துக்கொண்டு, "எனக்கு ஆசைதான், இவ விடுறாளில்லை" என்பார். உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். நிமிர்ந்து பார்க்க மாட்டாள். ஊரெல்லாம் அவளைப் பயந்தாங்கொள்ளி என்றது, அடங்காதவள் என்றது, அவள் கபுருக்குப் போகிற வரைக்கும் அந்தப் பெயர் அவளோடு போனது. நானும் கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, என் மனிசன் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரிய வந்த பிறகுதான், அந்தக் கத்தத்து அன்று கதவுக்குப் பின்னால் நின்று உம்மா என்ன செய்தாள் என்று எனக்கு விளங்கியது. அந்தச் சத்தியத்தை அவள் கேட்டு வாங்கினாளா, அவர் கேட்டு அவள் சொன்னாளா என்று கேட்க அப்போது இரண்டுபேரும் இல்லை.

நண்டு எங்கே போனது என்று தெரியாது. பீங்கானில் ஒன்று ஆட்டுக்குட்டி மிதித்து உடைந்தது. மற்றது, நாங்கள் வீடு மாறின காலத்தில் எங்கேயோ தவறிவிட்டது. மெசின்...

பேத்தி செருமவில்லை. நான்தான் நிறுத்திவிட்டு அந்த வள்ளத்துக்குத் திரும்புகிறேன்.

கரைக்குத் திரும்புகிற வழியில் உம்மா பீங்கானை எஞ்சின் பெட்டியிலிருந்து எடுத்து வாப்பாவிடம் நீட்டினாள். "குடிங்க" என்றாள். அவர் கையை வெளியே எடுக்கவில்லை. அவள் பக்கத்தில் குந்தி, அவர் வாயருகே பீங்கானைப் பிடித்து, காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். ஆம்பிளைகள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அவர் மீசையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து இருந்து, வெறும் பீங்கானை மடியில் வைத்து, அது இன்னும் விளிம்பு முட்ட நிறைந்திருக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கரை வரைக்கும் வந்தாள்.